பெரிய மீனும் முந்திரி மரமும்



விருத்தாசலம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பீங்கான். மின்சாரப் பலகையில் மாட்டும் ஃபியூஸ், கோப்பை, பொம்மை, அகல்விளக்கு எனச் சிறு சிறு பட்டறைகளில் செய்து, சூளையில் சுட்டு, ஊர் ஊராக அனுப்பிய நகரம் இது. நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணும், பீங்கான் தொழிலைக் கற்றுத்தரும் அரசு பயிலகமும் இத்தொழில் இங்கே வேரூன்றத் துணை நின்றன.

அண்மையில் இவ்வூரில் நடந்த ஓர் அன்பியக் கூட்டத்தில் நாங்கள் கலந்துகொண்டோம். அன்று வாசித்தது மத்தேயு நற்செய்தி பத்தாம் அதிகாரம். காசுக்கு இரண்டு விற்கப்படும் சிட்டுக்குருவிகளையும் தந்தையாம் கடவுள் மறப்பதில்லை என்று ஆண்டவர் சொல்லும் பகுதி. வாசகம் முடிந்து பகிர்வு தொடங்கியபோது, பீங்கான் பட்டறை நடத்தி நொடித்துப்போன ஒருவர் எழுந்தார்.

“குருவியைக் கடவுள் மறக்கலைன்னு படிச்சீங்க, சரி. அந்தக் குருவியைத்தான் பருந்து தூக்கிட்டுப் போகுது. பெரிய மீனு சின்ன மீனை விழுங்கும், இதுதானே கடவுள் வச்ச சட்டம்? வீட்டுக்கு வீடு எம்.சி.பி. சுவிட்சு வந்துச்சு, என் ஃபியூஸ் பட்டறை போச்சு. மிச்சம் இருந்ததை வட்டிக்குக் கொடுத்தவன் தின்னுட்டான்.”

யாரும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, முந்திரித் தோப்பு வைத்திருக்கும் பெரியம்மா ஒருவர் மெல்லச் சொன்னார்: “தம்பி, நம்ம தோப்புக்கு ஒரு நாள் வாங்க. அங்கே தின்னுறதும் இருக்கு, ஊட்டுறதும் இருக்கு. ரெண்டும் ஒரே மரத்துலதான் நடக்குது.”

அந்தச் சகோதரரின் கேள்வி நம் அனைவரின் கேள்வி. அந்தப் பெரியம்மாவின் பதில் நம்மைத் தோப்புக்கு அழைக்கிறது. கேள்வியைச் சுமந்துகொண்டு அங்கே போவோம்.

ஒரே மரத்தில்

கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி அன்னையின் ஆலயத்தில் பெருவிழா நடப்பது சனவரி மாதத்தில். அந்நாள்களில் நம் வட்டாரத்து முந்திரி மரங்கள் தளிர்விட்டுப் பூக்கத் தொடங்கியிருக்கும். போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த மரம் இது. இன்று கடலூர் மாவட்டத்தின் செம்மண்ணில் சொந்தப் பிள்ளையைப் போல வளர்கிறது.

தளிர் விடும் காலத்தில் தேயிலைக் கொசு என்னும் பூச்சி வரும். பெயர்தான் கொசு, உண்மையில் இது நாவாய்ப் பூச்சி இனத்தைச் சேர்ந்தது. இளந்தளிரிலும் பூங்கொத்திலும் பிஞ்சிலும் ஊசி போன்ற வாயைக் குத்திச் சாற்றை உறிஞ்சும். குத்திய இடம் கருகும். பூங்கொத்து காய்ந்து தொங்கும். ஆண்டு முழுவதும் காத்திருந்த குடும்பத்தின் வருமானம் சில வாரங்களில் போய்விடும்.

அதே மரத்தில் முசுறு என்னும் செவ்வெறும்புகள் கூடு கட்டியிருக்கும். இலைகளை இழுத்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தங்கள் புழுக்கள் சுரக்கும் பட்டு இழையால் தைத்துக் கூடு செய்யும் எறும்புகள் இவை. தேயிலைக் கொசுவைக் கண்டால் விடாது. கூட்டமாகப் பாய்ந்து பிடித்து, இழுத்துச் சென்று தின்றுவிடும்.

இது ஓர் உறவு. இதையே கொன்று உண்ணுதல் என்கிறோம்.

இனி இரண்டாவது உறவைப் பார்ப்போம். முந்திரியின் இலைகளிலும் பூங்கொத்துகளிலும், பூவுக்கு வெளியே, இனிப்பு நீர் சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் உண்டு. மகரந்தச் சேர்க்கைக்கு வரும் தேனீக்குப் பூவிலேயே தேன் இருக்கிறது. பூவுக்கு வெளியே சுரக்கும் இந்த இனிப்பு எறும்புகளை மரத்துக்கு அழைக்கிறது. மரம் ஊட்டுகிறது, எறும்பு காவல் இருக்கிறது. மரத்தால் ஓட முடியாது. எறும்புக்குத் தளிரும் கிளையும் இல்லாமல் கூடு இல்லை. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கிறது.

இதைக் கூட்டுயிர் வாழ்க்கை என்கிறோம். பெரியம்மா சொன்னது எவ்வளவு சரி! தின்பதும் ஊட்டுவதும் ஒரே கிளையில் நடக்கின்றன. அது மட்டுமல்ல, ஊட்டுவதால்தான் காவல் கிடைக்கிறது. அந்தக் காவல் நடப்பதோ கொன்று உண்ணுதலால்.

இந்த எறும்பின் உதவியை மனிதர் வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டனர். சீனாவின் தென்பகுதியில் ஆரஞ்சு இனப் பழத் தோட்டங்களுக்காகச் செவ்வெறும்புக் கூடுகளைச் சந்தையில் விற்றார்கள் என்று ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட குறிப்பு உள்ளது.

என்ன வேறுபாடு?

கொன்று உண்ணுதலில் இரண்டு உயிர்களும் சந்திப்பது ஒரு கணம். அந்தக் கணத்தில் ஒன்று உணவு பெறுகிறது, மற்றது உயிரை இழக்கிறது. ஆந்தை எலியைப் பிடிப்பது, சாரைப்பாம்பு தவளையை விழுங்குவது, கரிச்சான் குருவி பறக்கும் பூச்சியைக் கொத்துவது எல்லாம் இதுவே.

கூட்டுயிர் வாழ்க்கையில் இரண்டு வேறு இனங்கள் நீண்ட காலம் நெருங்கி வாழ்கின்றன. செருமானிய அறிஞர் அந்தோன் தெ பாரி 1879இல் வெளியிட்ட நூலில், வேறுபட்ட உயிர்கள் சேர்ந்து வாழ்வதையே இந்தச் சொல்லால் குறித்தார். சேர்ந்து வாழ்ந்தால் மூன்றில் ஒன்று நடக்கலாம். இரண்டுக்கும் நன்மை கிடைக்கலாம். ஒன்றுக்கு நன்மை கிடைத்து, மற்றதற்கு நன்மையோ தீமையோ இல்லாமல் போகலாம். ஒன்று கொழுக்க, மற்றது மெலியலாம்.

முதல் வகைக்கு நம் நிலத்திலேயே அருமையான சான்று உண்டு. நம் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் கடுகளவு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருளை ஒத்த ஒரு புரதம் அங்கே இருக்கிறது. அந்த முடிச்சுக்குள் ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது. பாக்டீரியா எடுத்துக் கொடுக்கிறது. செடி தன் இலைகளில் சமைத்த சர்க்கரையைப் பாக்டீரியாவுக்குக் கொடுக்கிறது. விதைப்பதற்கு முன் உழவர்கள் விதையோடு ரைசோபியம் கலப்பது இந்த நட்புக்கு அச்சாரம் கொடுப்பதற்கே.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிலத்தில் யூரியாவை அள்ளிக் கொட்டினால் வேர்முடிச்சுகள் குறைந்துவிடும். வெளியிலிருந்து எல்லாம் கிடைக்கும்போது செடி தன் தோழனைத் தேடுவதில்லை. எனக்கு யாரும் தேவையில்லை என்னும் நிலை செடிக்கே நல்லதல்ல என்றால், நமக்கு?

இரண்டாம் வகைக்கு வயலில் மேயும் மாட்டைப் பார்த்தால் போதும். பக்கத்திலேயே வெள்ளையாக உண்ணிக்கொக்கு நடந்து வரும். மாட்டின் காலடியில் கலைந்து எழும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். கொக்குக்கு இலாபம். மாட்டுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. மாடு விரட்டுவதும் இல்லை. நமக்குக் குறையாமல் பிறருக்கு நிறையக்கூடியவை இவ்வுலகில் எத்தனையோ இருக்கின்றன என்பதை அந்த மாடு நமக்குக் காட்டுகிறது.

நெருக்கமெல்லாம் அன்பு அல்ல

மூன்றாம் வகைதான் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. மாமரக் கிளையிலும் வேப்பமரக் கிளையிலும் புல்லுருவியைப் பார்த்திருப்போம். பறவை தின்று எச்சமிட்ட விதை கிளையில் ஒட்டி முளைக்கும். தன் உறிஞ்சு வேரைக் கிளைக்குள் இறக்கி, மரம் மண்ணிலிருந்து ஏற்றிய நீரையும் சத்தையும் எடுத்துக்கொள்ளும். பார்க்கப் பசுமையாக இருக்கும், பூக்கவும் செய்யும். தாங்கும் கிளையோ சிறிது சிறிதாக நலிந்துபோகும். உழைக்காமல் பிறர் உழைப்பில் வாழ்பவரைப் புல்லுருவி என்று நம் மக்கள் சொல்வது வெறும் வசைச் சொல் அல்ல, நன்றாகப் பார்த்துச் சொன்ன சொல்.

கொன்று உண்ணும் விலங்கு ஒரே பாய்ச்சலில் உயிரை எடுக்கிறது. ஒட்டுண்ணி அப்படிச் செய்வதில்லை. தாங்கும் உயிர் செத்தால் தனக்கும் வாழ்வில்லை. ஆகவே அதைச் சாகவும் விடாமல், செழிக்கவும் விடாமல், நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது.

ஆக, சேர்ந்து வாழ்வது நல்லது, தின்பது கெட்டது என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. ஒட்டுண்ணியும் சேர்ந்துதான் வாழ்கிறது, யாரையும்விட நெருக்கமாக! எவ்வளவு நெருங்கி இருக்கிறோம் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அந்த நெருக்கத்தால் யார் வளர்கிறார், யார் தேய்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

நட்பு உறவிலும் கணக்கு உண்டு. சோயாச் செடியைப் பற்றி 2003இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. நைட்ரஜன் தராமல் சும்மா இருக்கும் பாக்டீரியாக்களுக்குச் செடி உயிர்வளியைக் குறைத்துவிடுகிறது. அன்பு என்பது ஏமாந்துகொண்டே இருப்பது அல்ல என்று இதிலிருந்து எடுத்துக்கொண்டால் தவறில்லை. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில், தவறு செய்யும் சகோதரரைத் தனியே சந்தித்து எடுத்துரைக்கச் சொன்னவரும் நம் ஆண்டவர்தாமே!

பருந்து பாவம் செய்கிறதா?

இப்போது அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். குருவியைப் பருந்து தூக்கிச் செல்வதைக் கடவுள் ஏன் அனுமதிக்கிறார்?

திருவிவிலியம் இதை மூடி மறைக்கவில்லை. திருப்பாடல் 104, இரைக்காகக் கர்ச்சிக்கும் இளஞ்சிங்கங்கள் தங்கள் உணவைக் கடவுளிடமே கேட்பதாகப் பாடுகிறது. யோபு நூலின் 38ஆம் அதிகாரத்தில் சிங்கத்துக்கு இரை தேடித் தருவது யார் என்று ஆண்டவரே கேட்கிறார். வேட்டையாடும் விலங்கைத் திருவிவிலியம் தீயதாகக் காட்டவில்லை. முதல் மனிதரின் பாவத்தால்தான் சாதுவான விலங்குகள் கொடியவையாகிவிட்டன என்ற கருத்தைப் புனித தாமஸ் அக்குவினாஸ் ஏற்கவில்லை. மனிதரின் பாவத்தால் விலங்குகளின் இயல்பு மாறிவிடவில்லை என்று தம் இறையியல் தொகுப்பில் அவர் எழுதினார்.

கொன்று உண்ணும் உயிர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் பட்டறிந்திருக்கிறது. 1958இல் சீனாவில், தானியத்தைத் தின்கின்றன என்று சொல்லிச் சிட்டுக்குருவிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லச் செய்தார்கள். குருவி தானியத்தை மட்டுமா தின்கிறது? பூச்சிகளையும் அல்லவா தின்கிறது! குருவிகள் குறைந்ததும் வெட்டுக்கிளியும் மற்றப் பூச்சிகளும் பெருகின. 1960இல் குருவி வேட்டையைக் கைவிட்டார்கள். அதற்குள் பயிருக்குச் சேதம் நேர்ந்துவிட்டது. அந்த ஆண்டுகளின் கொடும் பஞ்சத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். காசுக்கு இரண்டு விற்கும் குருவியின் விலை என்ன என்பதை அந்த நாடு அப்போதுதான் அறிந்தது.

பசித்த விலங்கு பசிக்குத் தின்கிறது. வயிறு நிறைந்த சிங்கத்தின் அருகே மான்கள் மேய்வதும் உண்டு. அடுத்த தலைமுறைக்கும் சேர்த்து மான்களைக் கொன்று பூட்டி வைக்கும் சிங்கம் இல்லை. கடன் பத்திரத்தில் கைநாட்டு வாங்கும் பருந்தும் இல்லை.

இருந்தாலும் அந்தக் குருவிக்கு வலிக்கத்தானே செய்யும்? ஆம். அதை மழுப்பக் கூடாது. ஆண்டவர் இயேசு, குருவி விழவே விழாது என்று சொல்லவில்லை. விழும்போதும் அது தந்தைக்குத் தெரியாமல் விழுவதில்லை என்றே சொன்னார். படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் இருப்பதுபோலத் தவிக்கிறது என்று திருத்தூதர் பவுல் எழுதுகிறார் (உரோ 8:22). எசாயா 11ஆம் அதிகாரம், ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து தங்கும் நாளை நமக்குக் கனவாகக் காட்டுகிறது. இன்றைய தோப்பு அந்த நாளை இன்னும் எட்டவில்லை. ஆனால் அதன் விதைகள் இங்கே இருக்கின்றன.

ஒரு விதை நம் உடலிலேயே இருக்கிறது. நம் உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பு, தொன்மைக் காலத்தில் தனியே வாழ்ந்த ஒரு பாக்டீரியாவின் வழிவந்தது என்பதை இன்று அறிவியலார் ஏற்கின்றனர். அமெரிக்க அறிவியலார் லின் மார்குலிஸ் 1967இல் இதை வலியுறுத்தி எழுதியபோது பலர் நம்பவில்லை. பெரிய உயிரணு ஒன்று சிறியதை விழுங்கியது, ஆனால் செரிக்கவில்லை, இரண்டும் சேர்ந்து வாழக் கற்றுக்கொண்டன என்பது அறிஞர்களிடையே உள்ள ஒரு விளக்கம். பெரிய மீன் சின்ன மீனை விழுங்குவதுதான் உலகச் சட்டம் என்கிறோம். அந்தச் சட்டம் மட்டுமே இருந்திருந்தால், அதைச் சொல்லும் நாமே இருந்திருக்க மாட்டோம்!

தோப்பில் மனிதர் செய்த தவறு

இந்த உறவுகளை அறியாமல் மனிதர் கை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் முந்திரியே சாட்சி. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அரசு நிறுவனத்தின் முந்திரித் தோட்டங்களில், நாம் மேலே பார்த்த அதே தேயிலைக் கொசுவைக் கொல்ல, 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000ஆம் ஆண்டு வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் மருந்து தெளித்தார்கள். மருந்து பூச்சியோடு நிற்கவில்லை. கிணற்றிலும் ஓடையிலும் வீட்டுக் கூரையிலும் விழுந்தது. என்மகஜே போன்ற ஊர்களில் குழந்தைகள் உடல் ஊனத்தோடும் மூளை வளர்ச்சிக் குறைவோடும் பிறந்தார்கள்.

2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தை நாடு முழுவதும் தடை செய்தது. அதே ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் வழியாக உலக நாடுகளும் அதை விலக்க முடிவு செய்தன. பாதிக்கப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் தரும்படி 2017 சனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள அரசுக்கு ஆணையிட்டது. தங்களால் எழுந்து நடக்க முடியாத பிள்ளைகளை இடுப்பில் சுமக்கும் தாய்மாருக்கு எந்தத் தொகை ஈடாகும்?

நஞ்சுக்குத் தேயிலைக் கொசு வேறு, முசுறு எறும்பு வேறு, தேனீ வேறு என்று தெரியாது. பகைவனைக் கொல்லும்போதே காவல்காரனையும் கொன்றுவிடுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலின் 34ஆம் பத்தியில் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார். வேளாண்மைக்கு உதவும் பறவைகளும் பூச்சிகளும் நச்சு மருந்துகளால் அழிகின்றன. அவை செய்துவந்த வேலையைச் செய்ய மனிதர் மீண்டும் ஏதேனும் புதுமுறை தேட வேண்டியதாகிறது என்கிறார்.

மருந்தே கூடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. முசுறிடமும் குறை உண்டு. சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சிகள் கழிக்கும் இனிப்புக்காக அவற்றையும் காத்து நிற்கும். கொட்டை பொறுக்கப் போகும் பெண்களை மொய்த்துக் கடிக்கும். தோப்பு வைத்திருப்பவரின் கடனும் கவலையும் எங்களுக்குத் தெரியும். எப்போது, எதை, எவ்வளவு அடிக்க வேண்டும் என்று சொல்ல விருத்தாசலத்திலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வி.ஆர்.ஐ. என்று நம் ஊர்ப்பெயரைத் தாங்கிய முந்திரி, நிலக்கடலை இரகங்கள் அங்கிருந்து வந்தவைதான். கடைக்காரர் கொடுத்ததை வாங்கி அடிப்பதற்கு முன், மரத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று அண்ணாந்து பார்க்கவும், அறிந்தவரைக் கேட்கவும் நமக்கு ஒரு நாள் போதாதா?

நாம் எந்த உறவில் இருக்கிறோம்?

விலங்குக்குத் தேர்வு இல்லை. பருந்து பருந்தாகத்தான் வாழ முடியும். மனிதர் அப்படி அல்ல. கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட நாம், பக்கத்தில் இருப்பவருக்கு எப்படிப்பட்டவராக இருப்பது என்பதைத் தேர்ந்துகொள்ள முடியும். ஆகவேதான் விலங்குக்கு இயல்பாக இருப்பது நமக்குப் பாவமாகிறது. இறைவாக்கினர் அபக்கூக்கும் மீனைச் சொல்லித்தான் முறையிட்டார். வலியவர் எளியவரைக் கடல் மீனை வலையில் வாருவதுபோல வாரிக்கொண்டு போகிறார்களே, இதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீரே என்று கடவுளிடம் கேட்டார் (அப 1:13-15). ஆக, மனிதர் மீனைப்போல ஒருவரை ஒருவர் விழுங்குவது கடவுள் வைத்த சட்டம் அல்ல. கடவுளிடம் கொண்டுசென்ற முறையீடு அது. நம் சகோதரர் அன்று அன்பியத்தில் கேட்டது, தம்மை அறியாமல் சொன்ன ஓர் இறைவாக்கினரின் செபம்!

நம் மாவட்டத்துக்கு இந்த வேதனை நன்றாகத் தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வீசியபோது, தலைமுறைகளாக நின்ற முந்திரியும் பலாவும் ஒரே நாளில் சாய்ந்தன. புதுக் கன்று நட்டால் பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே! அப்படிப்பட்ட இடைவெளிகளில்தான் வட்டி வீட்டுக்குள் நுழைகிறது. அநியாய வட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனாலும் முதலை எடுக்காமல் வட்டியை மட்டும் வாரந்தோறும் உறிஞ்சும் கடனை நாம் இன்றும் காண்கிறோம். மாமரத்துப் புல்லுருவியை நினைத்துப் பாருங்கள். சாகவும் விடாமல், செழிக்கவும் விடாமல்!

வட்டிக்காரரை மட்டும் சுட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. முதிய பெற்றோரின் ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு அவர்களோடு இரண்டு வார்த்தை பேசாத பிள்ளை, கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு ஆலயத்துக்கு நன்கொடை எழுதும் முதலாளி, உழைக்கும் மனைவியின் பணத்தைக் குடித்துத் தீர்க்கும் கணவர், பங்கின் பெயரைத் தம் புகழுக்குப் பயன்படுத்தும் தலைவர், எல்லாரும் ஒரே கூரையின்கீழ் நெருங்கித்தான் வாழ்கிறார்கள். மந்தையை மேய்க்காமல் தங்களையே மேய்த்துக்கொண்ட ஆயர்களைப் பற்றி எசேக்கியேல் 34ஆம் அதிகாரம் சொல்வது, திருப்பணியில் இருக்கும் எங்களையும் சேர்த்துத்தான். கலாத்தியத் திருச்சபைக்குப் பவுலடியார் தந்த எச்சரிக்கையும் இதுவே. ஒருவரை ஒருவர் கடித்து விழுங்கினால், முடிவில் எல்லாருமே அழிந்துபோவீர்கள் என்கிறார் (கலா 5:15).

தம்மையே உணவாகத் தந்தவர்

லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் ஓர் அழகிய காட்சி உண்டு. ஏரோது உம்மைக் கொல்லத் தேடுகிறான் என்று இயேசுவிடம் வந்து சொல்கிறார்கள். அவர் ஏரோதை நரி என்கிறார். சில வரிகள் கடந்ததும், தம்மைக் குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைக்கும் கோழிக்கு ஒப்பிடுகிறார். நரிக்கு முன் சிங்கமாக நிற்க வல்லவர், கோழியாக நிற்கிறார்! நரி வந்தால் கோழிக்குக் குஞ்சுகளை மறைக்கத் தன் உடலைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

கல்வாரியில் நடந்தது அதுவே. உலகில் ஓர் உயிர் மற்றோர் உயிரின் உடலை எடுத்து வாழ்கிறது. நம் ஆண்டவரோ தம் உடலைப் பிறர் வாழக் கொடுத்தார். ஒவ்வொரு திருப்பலியிலும் நாம் உண்பது, யாரிடமிருந்தும் பறிக்கப்படாத, அவரே விரும்பித் தந்த உணவு. அதை உண்டபின் நாம் பிறரைத் தின்று வாழ்ந்தால், உண்டது நமக்குள் என்ன செய்தது என்று நம்மையே கேட்க வேண்டும். கொடியும் கிளையும்போல அவரில் நாமும் நம்மில் அவரும் தங்க வேண்டும் என்று யோவான் 15இல் அவர் கேட்பது, இந்த உயர்ந்த கூட்டு வாழ்வுக்குத்தான்.

இனி, அந்தச் சகோதரரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கடன் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில், இன்னமும் பட்டறை நடத்தும் ஒருவர் முன்வந்தார். “எங்க சூளை பாதி காலியாத்தான் எரியுதுண்ணே. காலியா எரிஞ்சாலும் அதே எரிபொருள்தான். உங்க சரக்கையும் அடுக்குங்க, செலவைப் பகிர்ந்துக்கலாம்” என்றார். கொடுப்பவருக்கும் குறையவில்லை, பெறுபவருக்கும் கூனிக் குறுக வேண்டியதில்லை. மரமும் எறும்பும் செய்வதும் இதுதானே! பெரியம்மாவின் மகளிர் குழு களிமண் வாங்கச் சிறு தொகையைக் கடனாகத் தந்தது. கிறிஸ்துமஸ் குடிலுக்கான சுரூபங்கள் செய்யும் வேலையைப் பங்கு அவரிடம் கொடுத்தது.

மாடும் கழுதையும் ஆடுகளும் முதலில் சூளையிலிருந்து வந்தன. அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவர் பங்குத்தந்தையிடம் கேட்டாராம்: “சாமி, ஆட்டுக்குட்டி பக்கத்துல ஓர் ஓநாயும் செஞ்சு வைக்கட்டுமா?”

சிந்திப்போம்:

நம்மோடு மிக நெருங்கி வாழ்பவர் நம்மால் வளர்கிறாரா, தேய்கிறாரா?

நமக்குக் குறையாமல் பிறருக்குக் கொடுக்கக்கூடிய ஒன்று நம்மிடம் பாதி காலியாக எரிந்துகொண்டிருக்கிறதா?

நம் நிலத்திலும் தோட்டத்திலும் கடவுள் வைத்த காவலர்களை நாம் அறிந்திருக்கிறோமா?

செபிப்போம்:

எல்லா உயிர்களுக்கும் உணவளிக்கும் தந்தையே, களிமண்ணாகிய எங்களை உமது கையில் ஏந்தி வனைந்தருளும். பிறரை விழுங்கும் ஆசையையும், பிறர் உழைப்பை உறிஞ்சும் சோம்பலையும் எங்களிடமிருந்து அகற்றும். கடனிலும் கவலையிலும் இருக்கும் எங்கள் சகோதர சகோதரிகளுக்கு உம் சிறகின் நிழலாக எங்களை அனுப்பும். தம்மையே உணவாகத் தந்த உம் திருமகன் இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.